கூடுதல் விவரம் கேட்டார்கள்

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே மனு எழுதித்தரும் அருணாதேவிக்கு அரசாங்கத்தின் தமிழ் அத்துப்படி. ‘பரிசீலனையில் உள்ளது’ என்றால் மனுவை யாரும் பிரித்தே பார்க்கவில்லை என்று அர்த்தம். ‘உரிய நேரத்தில் ஆவன செய்யப்படும்’ என்றால் வீட்டுக்குப் போய் வேறு வேலை பார்க்கலாம். பதினோரு வருடமாகத் திங்கட்கிழமை மனு கொடுக்க வரும் கூட்டத்துக்கு இதைத்தான் விளக்கிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் புலமை கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் உதவும் என்று யார் கண்டார்கள்? நாடு பிடித்து, கோட்டை கட்டி, வரி போட்டு ஆளுகிற ஒரு வெளிநாட்டு விளையாட்டு. ஆள் வராத மத்தியானங்களில் அவளும் அதில் ஒரு ராணி. ஊரில் அதை ஆடும் நாற்பது பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. புது நாடுகளைச் சேர்க்கப்போவதாகக் கம்பெனி அறிவிப்பு போட்டால் எல்லோரும் அவள் வாயைத்தான் பார்ப்பார்கள். ‘வருங்காலத்தில் வாய்ப்புண்டு’ என்று கம்பெனி எழுதினால், “வராது” என்பாள். வராது. ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அவளுக்கு இருந்த வயிற்றெரிச்சல் ஒன்றே. அந்த விளையாட்டின் வரைபடத்தில் நம் பக்கம் முழுக்கச் சாம்பல் நிறம். ஆளே இல்லாத நிலமாம்!

போன ஐப்பசியில் வந்த அறிவிப்பில் எழுத்தே இல்லை, படம் மட்டும். இருட்டில் ஒரு மலை, உச்சியில் நெருப்பு. பெரிய தெருவில் செல்போன் கடை வைத்திருக்கும் ஃபைசான்தான் முதலில் குரல் அனுப்பினான். “அக்கா, நம்ம மலைக்கா! தீபம்!”

எழுத்தைத் துருவித் துருவிப் படிப்பவள் படத்தில் கோட்டைவிட்டாள். மலையுச்சியில் நெருப்பைப் பார்த்தால், வருஷா வருஷம் மலைமேல் தீபம் ஏற்றும் இந்த ஊர்க்காரருக்கு வேறென்ன தோன்றும்? “நம்ம நாடு நிச்சயம் வருது. என் பேர்ல எழுதி வச்சுக்கோங்க” என்று போட்டுவிட்டாள்.

மார்கழியில் வந்தது ஏதோ பனிநாடு. படத்தில் இருந்தது எதிரி வருவதைச் சொல்ல மூட்டும் தீயாம். சாம்பல் நிலம் அப்படியே கிடந்தது. “உரிய நேரத்தில் ஆவன செய்யப்படும்” என்று விமல்ராஜ் கிண்டல் போட்டுவிட்டுக் குழுவைவிட்டே போனான். அவன் பின்னால் ஆறு பேர். மானம் போனதுகூடப் பெரிதில்லை; நம்பினவர்களை ஏமாற்றிவிட்டோமே என்பதுதான் அவள் நெஞ்சை அறுத்தது.

ஒரு வாரம் கழித்துத் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். கம்பெனிக்கு மனு எழுதினாள். பெறுநர், பொருள், பார்வை, பிறகு இந்தப் பக்கத்தைப் படைவீட்டில் இருந்து சம்புவராயர் ஆண்டதும் கோட்டைகளும் ஏரிகளும் வரிசை எண்ணோடு. கீழே முப்பத்துமூன்று கையெழுத்து. ஃபைசான் இங்கிலீஷாக்கினான்.

“விளையாட்டுக் கம்பெனிக்கு யாருக்கா இப்டி எழுதுவாங்க? சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்டா. படிச்சாத்தானே சிரிக்க முடியும்?”

மாசியில் பதில் வந்தது. ஃபைசான் முகம் தொங்க அவள் மேசைக்கு வந்தான்.

“வரும்னு சொல்லலக்கா. ஏரித் தண்ணிய யாரு பங்கு பிரிச்சாங்க, கல்வெட்டு ஆதாரம் இருக்குதான்னு கேள்வியா கேக்கறாங்க.”

அவள் இரண்டு முறை படித்தாள்.

“டேய், தள்ளுபடி பண்ற மனுவுக்கு எவனும் கூடுதல் விவரம் கேக்கமாட்டான். இது உயிரோட இருக்குற ஃபைலு!”

ஆனாலும் சூடுபட்டவள். குழுவில் இப்படித்தான் எழுதினாள்: ‘வரும்னு நான் சொல்லல. ஆனா கேட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை படைவீட்டுக்குப் போய் கல்வெட்டைப் படம் எடுக்கணும். யார் வர்றீங்க?’ போனவர்களுக்கும் ஃபைசான் அதை அனுப்பிவைத்தான்.

முதல் பதில் விமல்ராஜிடமிருந்து வந்தது.

“எத்தனை மணி பஸ்ஸுக்கா?”