தண்ணீர் கேட்டால் நின்றுபோகும் மோட்டார்

1. ரிவியூ நடுவே ஒரு தட்டல்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். தெலுங்கும் ஹிந்தியும் கலந்து பேசும் ஊரின் ஏ.எஸ்.ராவ் நகரில், தரைத்தள வீட்டில் உட்கார்ந்தே கம்பெனி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கோட் ரிவியூ நடுவே ஜன்னல் கம்பியை யாரோ வளையல் கையால் தட்டினார்கள். மூன்றாவது மாடி பத்மாவதி. தண்ணீர் வரவில்லை என்று தெலுங்கில் ஒரே கத்தல். அந்த வாரத்தின் ஆறாவது புகார்.

என் மேனேஜர் என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். ஸ்க்ரீனில் சிரித்தார். "சார், உங்க வீட்ல ப்ரொடக்ஷன் டவுன் போல இருக்கே! முதல்ல அதப் பாருங்க."

கம்பெனி பாஷையில், ஓடிக்கொண்டிருந்தது படுத்துவிட்டது என்று அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மோட்டார் போடுவது என் வேலையே இல்லை. பன்னிரண்டு வீடுகள் உள்ள கட்டடம். வாட்ச்மேன் நின்றுபோனதும் மற்ற பதினொரு வீட்டாரும் சேர்ந்து, "நீங்க வீட்லதானே இருக்கீங்க" என்று அதை எங்கள் தலையில் கட்டினார்கள். நான் மீட்டிங்கில் இருந்தால் என் மனைவி சாரதாதான் போக வேண்டும். முழங்கால் ஆபரேஷன் ஆனவள். ஸ்விட்ச் இருப்பது பார்க்கிங்கின் அந்தக் கோடியில். ஒருநாள் ஈரத்தில் வழுக்கி, தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். இனி அவள் அங்கே போகக் கூடாது என்று அன்று முடிவு செய்தேன்.

2. ஏழாவது பெட்டி

வேலைக்கு வெளியே, என் இஷ்டத்துக்கு, வீட்டில் செய்த சாமான்களில் இந்தப் பெட்டி ஏழாவது. ஒரு சின்ன போர்டு, ஜன்னலோரம் ஒரு மைக், மோட்டார் ஸ்டார்ட்டரைப் போட்டு நிறுத்த ஒரு ரிலே. தானாக ஓடும் ஏற்பாடு வேண்டாம், தரையடித் தொட்டியான சம்ப் காலியாக இருந்தால் மோட்டார் எரிந்துவிடும் என்று அசோசியேஷன் தடுத்துவிட்டது. ஆகவே, சம்ப்பில் தண்ணீர் இருந்தால் ஜன்னலில் ஒரு பச்சை விளக்கு எரியும். அதைப் பார்த்து சாரதா "ஓடு" என்றால் மோட்டார் ஓடும். "நில்லு" என்றால் நிற்கும்.

ப்ரோகிராமுக்குக் குரல் பழக்க, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் இருநூறு முறை சொன்னோம். "கல்யாணத்துலகூட இவ்வளவு நேரம் பக்கத்துல உக்காரல" என்றாள் சாரதா. சோதனையில் ஒரு பிழைகூட இல்லை.

சில நாள் சரியாக ஓடியது. பிறகு பாதியில் நிற்கத் தொடங்கியது. ரிலேயை மாற்றினேன். பவர் சப்ளையை மாற்றினேன். சால்டரிங்கை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். நான் தனியாகச் சோதித்தால் ஒழுங்காக ஓடும். யாராவது புகார் சொல்ல வந்தால் அவர்கள் எதிரிலேயே நின்று மானத்தை வாங்கும்.

அசோசியேஷன் செக்ரட்டரி சுரேந்தர் சென்னையில் வேலை பார்த்தவர். என்னிடம் தமிழில்தான் வம்பு. "இந்த ஹோம்மேட் எல்லாம் நக்கோ, வேணாம் அங்கிள். ஞாயித்துக்கிழமை மீட்டிங் வெச்சுக் கழட்டிடலாம். பழையபடி ஆன்ட்டியே கையால போடட்டும்."

ஆன்ட்டியே போடட்டுமாம்!

3. மீட்டிங்

என் ஜன்னலுக்கு எதிரே பார்க்கிங்கில் நாற்காலி போட்டார்கள். சாரதா உள்ளிருந்து "ஓடு" என்றாள். மோட்டார் ஓடியது. நான் ரிலேயின் தாங்குதிறனிலிருந்து விளக்க ஆரம்பித்தேன். பத்மாவதி எழுந்துவிட்டார்.

"லெக்சர் வத்து அங்கிள்! மாக்கு நீள்ளு காவாலி!"

லெக்சர் வேண்டாம், எங்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்கிறார். அந்த நொடியில் மோட்டார் நின்றது. எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

சாரதா மட்டும் சிரிக்கவில்லை. "என்னங்க, நான் மறுபடி போடறேன். அவங்கள அதையே இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க."

மோட்டார் ஓடியது. "நீள்ளு!" என்றார் பத்மாவதி. நின்றது.

தெலுங்கில் நீள்ளு என்றால் தண்ணீர். பெட்டி அதை நில்லு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குள் நாங்கள் தண்ணி என்போம். வாசல் தாண்டினால்தான் நீள்ளு. முப்பது வருடமாக நில்லு, நீள்ளு இரண்டையும் தினம் சொல்கிற என் வாய்க்கே அது தோன்றவில்லை. தண்ணீர் இல்லை என்று சொல்ல வந்தவர்கள்தான் தண்ணீரை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"உங்க பெட்டி நாங்க சொல்றத நல்லாத்தான் கேக்குது அங்கிள்" என்றார் சுரேந்தர். "நீங்கதான் கேக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. "உங்க பதினோரு வீட்டுத் தண்ணிக்காக இவ வழுக்கினாளே, அன்னிக்கு யார் வந்து கேட்டீங்க?" சிரிப்பு அடங்கியது. பெட்டி இருக்கட்டும் என்றார்கள்.

நிறுத்துவதற்கு வேறு சொல் தேடினோம். ஒருவர் ஓடுவதற்கும் புதுச்சொல் வைக்கலாம், "சாலூ" என்றார். அதற்கு ஹிந்தியில் "ஓட்டு", தெலுங்கில் "போதும்" என்று அர்த்தம். வேண்டவே வேண்டாம் என்றேன். கடைசியில் "பந்த்" நின்றது. இந்த ஊரில் எல்லா வாய்க்கும் பொது.

தெரியாத சொல்லைத் தெரிந்த கட்டளையாகவே பெட்டி எடுத்துக்கொள்ளும் என்பதால், நீள்ளு என்பது கட்டளை இல்லை என்றும் அதற்குப் பழக்க வேண்டியிருந்தது. பதினொரு வீட்டாரையும் மைக் முன்னால் வரவழைத்தேன். வந்து, பூஜைக்கு அழைப்பதுபோல மெல்ல, "நீள்ளு" என்றார்கள்.

"இப்படி இல்ல. தண்ணி வராதப்ப என் ஜன்னல்ல எப்படிக் கத்துவீங்களோ, அப்படிக் கத்துங்க."

பத்மாவதிக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ப்ரோகிராம் எழுதுகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சொந்த வீட்டுக் குரலை வைத்துச் செய்கிற சோதனை சோதனையே இல்லை. நம் சாமானின் எதிரில் வந்து நிற்பவர் பெரும்பாலும் கோபமாகத்தான் வருவார். அவருடைய சொல்லை, அதே கோபத்தோடு முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சாரதா இப்போது நாற்காலியை விட்டு எழுவதில்லை. ஆனால் மோட்டார் போடுவது இன்னும் எங்கள் வீட்டு வேலையாகவே இருக்கிறது. அந்த அநியாயத்தை நிறுத்த எந்தச் சொல்லைப் பழக்குவது என்றுதான் தெரியவில்லை.