அப்பாவுக்காக எனக்கு வந்த காய்ச்சல்

எனக்குக் காய்ச்சல் என்று அம்மா அறிவித்த அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. லேசான சளி இருந்தது. அதுவும் முந்தின வாரத்து மிச்சம். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் லுணுகலை டவுனுக்கு பஸ் ஏறக் கிடைத்த வாய்ப்பை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் நேர்மையான பிள்ளை இல்லை. பத்து வயது.

"இவளுக்கு நேத்திலருந்து ஒடம்பு சுடுதுங்க. எனக்குக் கொழுந்து பறிக்கப் போகணும். நீங்க டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள் அம்மா, அப்பாவிடம். அப்பா என் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்த நாட்களில் அவர் தொட்டுப் பார்த்ததெல்லாம் மண்ணைத்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் எங்களுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டமொன்றில் மண் சரிந்து ஒரு லயம், வரிசையாக இருந்த அத்தனை வீடும், புதைந்துபோனது. புதைந்தவர்களைத் தோண்டியெடுக்க எங்கள் தோட்டத்து ஆண்கள் மம்பட்டியோடு ஓடினார்கள். அப்பாவும் போனார். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தவர், குளித்துவிட்டு நேராக எங்கள் லயத்துக்குப் பின்னால் போய், அங்கே சுவரோரம் மண்ணில் இருந்த வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு அதுவே அவருக்கு வேலையாகிவிட்டது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் தோட்டத்திலேயே அவர் கைதான் வேகம் என்பார்கள். அந்தக் கை கத்தியை எடுக்கவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவதில்லை. தூறல் போட்டால் போதும், என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போய்விடுவார். முதல் சில தடவை எங்களுக்கு அது விளையாட்டாக இருந்தது. பிறகு லயத்துப் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்பாவைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்மா என் தலையை வாரிக்கொண்டே காதோடு சொன்னாள்: "டாக்டரு என்னான்னு கேட்டா, அப்பா தூங்குறதில்லன்னு சொல்லிரு."

"எனக்குல்ல காய்ச்சல்?"

"சொன்னதச் செய்."

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டில் யாருக்கு எது வந்தாலும் அவரிடம்தான் போவோம். அவருடைய தமிழைக் கேட்பதே எனக்குக் கொண்டாட்டம். ஆனால் அவரிடம் நேரம் இருக்காது. நாக்கை நீட்டு, மூச்சை இழு, மருந்து, அடுத்த ஆள். அன்றும் வெளியே வாங்குப் பலகையில் நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டவர், "காய்ச்சல் ஒண்டும் இல்லையே. பிள்ளைக்கு என்ன செய்யுது?" என்றார்.

அப்பா பக்கத்தில் நின்றார். அவரைக் காட்டிக்கொடுக்கிறோம் என்று தோன்றியது. இருந்தாலும் அம்மா இட்ட வேலை அல்லவா. "அப்பா தூங்குறதே இல்லீங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

டாக்டர் குழாயைக் கழற்றி மேசையில் வைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். மருந்து கட்டும் அண்ணன் எட்டிப் பார்த்தபோது, "கொஞ்சம் இருக்கச் சொல்லும்" என்று அனுப்பிவிட்டார். பிறகு அப்பாவை என் நாற்காலியில் உட்காரவைத்தார். நான் மூலையில் நின்றேன்.

"மழை வந்தா என்ன செய்வியள்?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஊசி இல்லை, குழாய் இல்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஐயா, மண்ணுக்குள்ள ஒரு சத்தம் கேட்டுச்சுங்க. எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. அந்தப் பக்கம் தோண்ட வேணாம், இந்தப் பக்கம் வான்னாங்க. நானும் போயிட்டேங்க."

சொல்லிவிட்டு அழுதார். என் அப்பா அழுவார் என்றே எனக்குத் தெரியாது. டாக்டர் அழாதே என்று சொல்லவில்லை. அந்தச் சத்தம் இருந்ததா இல்லையா என்றும் கேட்கவில்லை. "இதை இவ்வளவு நாளும் தனியாவோ வச்சிருந்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். வெளியே அத்தனை பேர் இருமிக்கொண்டிருக்க, அந்த அறைக்குள் அவர் அவசரமே இல்லாத மனிதராக உட்கார்ந்திருந்தார். கோயிலில் கதவு சாத்தி அலங்காரம் நடக்கும்போது நிற்பதுபோல நான் நின்றேன்.

"நான் பைத்தியமாங்க?" என்றார் அப்பா.

"இல்லை. இப்படிக் கனபேர் என்னட்ட வருகினம். ஆனா நான் மட்டும் பாத்தாக் காணாது." ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக் நடக்கும் நாளைச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து ஒரு நர்ஸ் மிஸ்ஸி தோட்டத்துக்கே வந்து பார்ப்பார் என்றார். எனக்குச் சளி மருந்துகூடத் தரவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

மிஸ்ஸி வருவார் என்பதை லயத்தில் யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அப்பா கிளினிக்குக்குப் போய் மாத்திரை வாங்கிவந்த அடுத்த வாரமே அவர் வந்தார். சிங்களப் பெண்மணி. கையில் குடை, காலில் சேறு. ரோட்டில் இறங்கி, அத்தனை படியும் ஏறி வந்திருந்தார். "அப்பா இன்னிக்கி சாப்பிட்டதா?" என்று என்னிடம் கேட்டார். அப்பாவை அவர் 'அது' என்று சொன்னது எங்களுக்குத் தாங்க முடியாத சிரிப்பு. ஆனால் அதுதான் எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, எங்கள் கோப்பையில் பிளேன்டீ குடித்த முதல் அரசாங்கத்து ஆள்.

அப்பா காட்டிய வெடிப்பை அவர் சிரிக்காமல் பார்த்தார். தன் விரலையும் உள்ளே விட்டுப் பார்த்தார். "இது பயம் மட்டும் இல்ல. வெடிப்பு இருக்குதானே" என்று சொல்லிப் போய் யாருக்கோ எழுதினார். சில வாரத்தில் அதிகாரிகள் வந்து சரிவை அளந்தார்கள். உடனே ஆபத்தில்லை என்று சொல்லி, தண்ணீர் வடியக் கான் வெட்டவைத்தார்கள். அந்தக் கானை வெட்டியவர்களில் அப்பாவும் ஒருவர். மம்பட்டியை ஓங்குமுன் ஒவ்வொரு தடவையும் நின்று மண்ணுக்குக் காது கொடுத்தார். இருந்தாலும் வெட்டினார்.

ஒரு நாள் மிஸ்ஸி இருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. அப்பா எழுந்துவிட்டார். "பத்து நிமிசம் இருப்பம். நானும் இருக்கறன்" என்று மிஸ்ஸி கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார். தகரத்தில் மழை இரைந்தது. அப்பா பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்த்தார். பத்து நிமிடம் முடிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. மழை விடும்வரை எங்களோடு வீட்டுக்குள்ளேயே இருந்தார். அன்று நான் பார்த்ததுபோல ஒரு வீரத்தை அதன் பிறகு எங்கும் பார்த்ததில்லை.

மழை விட்டதும் மிஸ்ஸி கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே அம்மா பக்கம் திரும்பினார். அத்தனை மாதமும் தனியாகக் கொழுந்துக்குப் போய், வந்து, சமைத்து, அப்பா வெளியே போகிற ஒவ்வொரு தடவையும் பின்னாலேயே போய் நின்றவள் அவள்.

"அம்மா, நீங்க எப்படி?"

"எனக்கென்னங்க" என்றாள் அம்மா. சட்டென்று எழுந்து உள்ளே போனாள். கேத்தலை எடுத்து அடுப்பில் வைத்தாள். அடுப்பில் நெருப்பே இல்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். மிஸ்ஸி எழுந்து அவளிடம் போனார்.

வந்தவருக்குத் தேத்தண்ணி போடச் சீனி தீர்ந்துவிட்டதாக்கும், அந்த வெட்கத்தில்தான் அம்மா நிற்கிறாள் என்று நினைத்து, பக்கத்து வீட்டில் ஒரு கிளாஸ் சீனி வாங்கிவர நான் ஓடினேன்.