கார் கழன்று கிடந்த மாலை

மூன்று வருடங்களுக்கு முன், பெரும்போக விதைப்பு முடிந்து பயிர் முளைத்திருந்த நேரம். துணுக்காயிலிருந்து வாய்க்கால் ஓரமாக உள்ளே போனால் வரும் குடியேற்றத்தில் எங்கள் வீடு. எங்கள் ஒழுங்கையில் எங்களிடம் மட்டுமே கார் இருந்தது. பழைய கார்தான். ஆனாலும் பிரசவம், காய்ச்சல் என்று எது வந்தாலும் அயலவர்கள் எங்கள் படலையைத்தான் தட்டுவார்கள்.

அந்தக் கார் சில கிழமைகளாகக் கியர் மாற்றும்போதெல்லாம் அடியில் டக்கென்று இடித்தது. கியர்பொக்ஸைத் தாங்கிப் பிடிக்கிற ரப்பர் மவுண்டிங் தேய்ந்துவிட்டது என்று கணவர் கண்டுபிடித்தார். தானே மாற்றலாம் என்று கைத்தொலைபேசியில் வீடியோக்கள் பார்த்து, வவுனியாவில் புதியது ஒன்றும் வாங்கி வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முற்றத்தில் வேலையைத் தொடங்கினோம். காரை ஜக்கால் உயர்த்திப் பாலைக் குற்றிகளின் மேல் நிறுத்தினோம். இன்னொரு ஜக்கைப் பலகையோடு வைத்துக் கியர்பொக்ஸுக்கு முட்டுக் கொடுத்தோம். நான் ஸ்பனர்களை எடுத்துக் கொடுக்க, அவர் கீழே படுத்துக் கழற்றினார். பழைய மவுண்டிங்கின் ரப்பர் பிளந்து தொங்கியது. ஆனால் புதியதைப் பூட்டப் பார்த்தால் துளைகள் சரிவரவில்லை. நாங்கள் வாங்கியது வேறொரு மாடலுக்கு உரியது. அடுத்த நாள் போய் மாற்றி வரலாம் என்று எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு எழுந்தோம்.

பொழுது சாயும் நேரம் பக்கத்து வளவுத் தம்பி மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தான். மலையகத்திலிருந்து பெற்றோர் காலத்தில் இங்கே வந்து குடியேறிய குடும்பம். இரண்டு பேரும் வயலில்தான் வேலை.

"அக்கா, பாம்பு கடிச்சிருச்சு. புடையன், கண்ணாடி விரியன்தான். நான் பார்த்தேன்" என்றான். பிறகுதான் காரைக் கண்டான். அவன் முகம் போன போக்கு இன்னும் எனக்கு மறக்கவில்லை.

முதல் நாள் மழையோடு போன போன் சிக்னல் திரும்ப வரவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லை. ஓட்டோ பிடிப்பதென்றால் சந்திவரை ஓட வேண்டும்.

"பழசையே திருப்பிப் பூட்டுவம். கெதியாப் பூட்டிப்போடலாம், தம்பி" என்றார் கணவர். அப்போதுதான் குளித்திருந்த ஈரத் தலையோடு மறுபடியும் காருக்குக் கீழே போனார். தம்பியும், தான் தூக்கிப் பிடிப்பதாகச் சொல்லி அவருக்குப் பக்கத்தில் நுழைந்தான். நான் அவளைக் கதிரையில் இருத்தி, காலை அசைக்க விடாமல் பிடித்துக்கொண்டேன்.

கழற்றும்போது சுலபமாக வந்த போல்ட் திரும்ப ஏற மறுத்தது. கியர்பொக்ஸ் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. ஜக்கை உயர்த்தினால் ஒரு துளை சரிவரும், மற்றது விலகும். இதோ வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் என்று கீழேயிருந்து இரண்டு குரலும் மாறி மாறிக் கேட்டன. நானும் நம்பினேன். கார் ஓடினால் எதையும்விட விரைவாகப் போய்விடலாமே என்றுதான் எல்லோருக்கும் எண்ணம்.

அவள் கடிபட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்க ரெண்டு பேராத் தெரியுறீங்க."

அவள் இமைகள் பாதி சரிந்திருந்தன. என் கணவரைக் கூப்பிட்டு அவளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் வீதிக்கு ஓடினேன்.

அந்த நேரம் வந்தது ஒரு மோட்டார் சைக்கிள் மட்டுமே. நாயாற்றுப் பக்கமிருந்து மீன் கொண்டுவந்து விற்கிற ஒருவர். முன்பின் கண்டதில்லை. நான் சொல்லி முடிக்கும் முன்பே இறங்கிக் கயிற்றை அவிழ்த்து, மீன் பெட்டியைப் புல்லில் இறக்கினார்.

"பெட்டி கிடக்கட்டும். ஆளைக் கொண்டு வாங்கோ."

அவரும் தம்பியும் அவளை நடுவில் இருத்திக்கொண்டு போனார்கள். நாங்கள் இருவரும் கிறீஸ் கையோடு வீதியில் நின்றோம்.

அடுத்த நாள் காலையில் பெட்டிக்காக வந்த அந்த மனிதர் முதலில் கேட்டது, "ஆள் எப்பிடி?" என்றுதான். மீன் பழுதாகியிருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு கதையும் கதைக்கவில்லை. நான் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவள் உயிர் தப்பினாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, கிழமைக்கணக்காக இரத்தம் சுத்திகரித்தார்கள். ஆனால் சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை. இன்னும் கிளினிக்குக்குப் போகிறாள். விஷ மருந்து இன்னும் முன்னதாக ஏறியிருந்தால் நல்லது என்று டொக்டர் சொன்னாராம்.

நாங்கள் பார்க்கப் போனபோது என் கணவர் கட்டிலருகே நின்று கண் கலங்கினார். தம்பிதான் அவர் தோளைத் தொட்டான்.

"ஏண்ணே கலங்குறீங்க? காரு ஓடிரும்னு நானுந்தானே நம்புனேன்."

குற்றம் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம் போலிருந்தது.

அன்று எங்கள் முற்றத்தில் நின்ற எல்லோரும் அவளைக் காப்பாற்றத்தான் பாடுபட்டோம். அந்தப் பாட்டிலேயே அவளுக்குத் தேவையான நேரம் கரைந்துபோனது. இப்போது களை பிடுங்கும் காலத்தில் அவள் வரம்பில் குடை பிடித்து இருந்து, மற்றவர்கள் வயலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைக் கடந்து போகும்போதெல்லாம், கார் வராது, வேறு வழி பார்ப்போம் என்று அவர்கள் வந்து நின்றவுடனேயே சொல்லியிருந்தால் அதுதான் நாங்கள் செய்த பெரிய உதவியாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.