நான் அழித்துவிட்ட ஒலி

கீபோர்டு என்று நினைத்துத்தான் அதை வாங்கினேன். போனில் பார்த்த விளம்பரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் தெரிந்தன. அதற்கு மேல் நான் எதையும் படிக்கவில்லை. விற்கிறவருக்கு ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியலூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. பெரம்பலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை, அரியலூரில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. அம்மாவின் வைத்தியத்துக்காக அரியலூரில் வீடு பிடித்தது. அம்மா போன பிறகும் அங்கேயே இருந்துவிட்டேன். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால், மறுநாள் காலை கண்டக்டரிடம் "பெரம்பலூர் ஒண்ணு" என்று சொல்லும்வரை வாயைத் திறக்கத் தேவையிருக்காது. சில நாள் அந்த முதல் வார்த்தை தொண்டையில் கரகரத்துக்கொண்டு வரும். பக்கத்தில் நிற்பவர்கள் எனக்குச் சளி என்று நினைத்திருப்பார்கள்.

விற்றவருக்கு முப்பது வயது இருக்கும். கோயில் பாட்டுக் குழுவிலும் ஊர்க் கச்சேரிகளிலும் வாசித்தவர். எலக்ட்ரீஷியன் வேலைக்கு வெளிநாடு போக ஏற்பாடு ஆகிக்கொண்டிருந்தது.

"அக்கா முன்னாடி வாசிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்து ஆர்மோனியத்துல சரிகமபதநி வாசிச்சிருக்கேன் தம்பி. அதுவும் ஒத்தை விரல்ல."

அவர் தலையைச் சொறிந்தார். "இது கீபோர்டு இல்லீங்கக்கா, சிந்தசைசர். ரிதம் எல்லாம் தானா ஓடாது. சவுண்டை நாமளேதான் உண்டாக்கணும். புதுசா கத்துக்கிறவங்களுக்குக் கஷ்டம்."

அவர் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். மோரையும் குடித்துவிட்டு, அவ்வளவு வெயிலில் வந்த தூரத்தை வெறுங்கையோடு திரும்பிப் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. "கஷ்டப்பட்டே கத்துக்கிறேன்" என்றேன்.

காலையில் ஆறு மணியிலிருந்து ஏழு வரை என்று வைத்துக்கொண்டேன். காதில் ஹெட்போன். வெளியே இருந்து பார்த்தால் ஒரு பெண் சத்தமில்லாத பலகையைத் தட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும். பாடமெல்லாம் போனில் வரும் வீடியோக்கள்தான். சொல்லித்தருகிறவர்களின் இங்கிலீஷ் எனக்கு ஓடும் பஸ்ஸிலிருந்து போர்டு படிப்பது மாதிரி. பாதியைப் பிடிப்பதற்குள் மீதி போய்விடும். சுண்டுவிரலுக்கு அடுத்த விரல் தனியாக அசைய மறுத்தது. அதை அமுக்கினால் சுண்டுவிரலும் கூடவே விழுந்தது. ஆபீஸில் ஃபைலைப் பார்த்துக்கொண்டே மேஜைக்கடியில் அந்த விரலை மட்டும் மடக்கி நீட்டிப் பழகினேன்.

இரண்டாவது வாரம் பெட்டியில் சத்தமே வரவில்லை. கெட்டுப்போய்விட்டது என்று துணி போட்டு மூடிவிட்டேன். மூன்று நாள் கழித்து, துடைக்கும்போது ஏதோ ஒரு குமிழில் கை பட்டுத் திரும்பியது. ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்தேன், சத்தம் வந்தது. ஃபில்டர் என்று அதற்குப் பெயராம். அதை முழுக்க மூடிவைத்தால் உள்ளே ஒலி இருந்தாலும் வெளியே வராது. வீட்டில் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும், இதை யாரிடம் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். ஆபீஸில் யாருக்கும் நான் இதை வாங்கியதே தெரியாது.

நான்கு மாதம் ஆகியிருக்கும். புதிதாகக் கற்பவர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் ஒலியிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அவர்கள் காட்டியபடி இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினேன். பெட்டியின் நினைவில் இருந்த ஒலிகள் எல்லாம் போயின. இனி இது என்னுடையது என்று அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதற்கடுத்த மாதம் பெட்டியை விற்றவர் போன் செய்தார்.

"அக்கா, வர்ற வியாழக்கிழமை கிளம்புறேன். போறதுக்கு முன்னாடி ஒரு உதவி. அதுல நாப்பத்தேழாம் நம்பர்ல நான் பண்ணுன சவுண்டு ஒண்ணு இருக்கும். அத போன்ல ரெக்கார்டு பண்ணிக்கணும்னு எங்க வூட்டுல ஆசப்படுறாங்க. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வரலாமாங்க?"

"வாங்க" என்று சொல்லிவிட்டேன். இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஞாயிறு வரை இருந்த மூன்று நாளும் பட்டன்களை மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தேன். நாற்பத்தேழில் எல்லா எண்ணிலும் இருந்த அதே வெறும் பீப்பிச் சத்தம்தான் இருந்தது.

ஞாயிறு மதியம் வந்தார்கள். வீட்டில் ஒரே நாற்காலிதான் என்பது அவர்கள் வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. அந்தப் பெண்ணை அதில் உட்காரச் சொன்னேன். உட்காராமல் பாயை விரித்துக்கொண்டார். காபி கொடுத்துவிட்டு நின்றபடியே சொன்னேன்.

"தம்பி, நான் அத அழிச்சுட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். இருவரில் யாராவது கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என்ன சவுண்டும்மா அது?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடி பண்ணினது. கோயில்ல இவரு அத வாசிச்சாத்தான் நான் திரும்பிப் பாப்பேன்" என்றார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டார்.

அவர் கணவர் பெட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எப்படிப் பண்ணுனேன்னு எழுதி வைக்கலக்கா. கை ஞாபகம்தான். பாப்போம்."

இரண்டு கையும் குமிழ்களில் இருந்ததால் கட்டைகளை அமுக்க ஆள் வேண்டியிருந்தது. "அக்கா, நீங்க புடிங்க. நாலு சுரந்தான். மெதுவா" என்று விரல் வைக்கும் இடத்தைக் காட்டினார். ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, கொண்டுவந்திருந்த சின்ன ஸ்பீக்கரை மாட்டினார். அந்த வீட்டில் நான் வாசித்தது காற்றில் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒன்றரை மணி நேரம் அமுக்கிக்கொண்டே இருந்தேன். அவர் திருப்பத் திருப்ப ஒலி தடித்தது, மெலிந்தது, ஓரம் மழுங்கியது. ஒலி மெல்ல எழும்பி வருவதற்கு எது, கையை எடுத்த பிறகும் நிற்பதற்கு எது என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஐந்து மாத வீடியோக்களில் புரியாதது அங்கே எனக்குப் புரிந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டு "இல்ல... இல்ல... இன்னும் கொஞ்சம் உள்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஓரிடத்தில் கண்ணைத் திறந்தார்.

"அதான்னு சொல்ல முடியாது. ஆனா கிட்டத்துல இருக்கு."

"இன்னும் பாக்கவா?"

"வேணாங்க. இதுவே இருக்கட்டும். எடுத்துக்கலாம்."

மனைவி போனை எடுத்துப் பெட்டியருகே வைத்தார். நான் எழுந்து அவர் கணவருக்கு இடம் விடப் போனேன். "நீங்களே வாசிங்கக்கா, இந்தத் திருகுற நாபு லூசா இருக்கு, நான் புடிச்சிருக்கேன். விட்டா மாறிடும்" என்றார் அவர். வாசித்தேன். மூன்றாவது சுரத்தில் சுண்டுவிரலும் சேர்ந்து விழுந்தது. மறுபடி எடுக்கலாம் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போனேன். பஸ் கிளம்பியதும் ஜன்னலிலிருந்து அந்தப் பெண், "திருவிழாவுக்கு எங்க வூட்டுக்கு வந்துடுங்கக்கா" என்று கத்தினார். தலையாட்டினேன்.

திருவிழாவுக்கு நான் போகவில்லை. அந்தப் பெண்ணே போன் செய்து கூப்பிட்டார். வருவதாகச் சொல்லி, புடவையைக்கூட எடுத்து வைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் அங்கே கூட்டத்துக்கு நடுவில் யாரைத் தேடி நிற்பது என்று ஒரு தயக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பினாரா தெரியாது. மறுநாள் ஆபீஸ் போகும்போது பஸ்ஸில் எதற்கென்று தெரியாமல் அழுகை வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போதும் காலை ஒரு மணி நேரம் உட்காருகிறேன். ஒலிகளை நானே உண்டாக்குகிறேன். எப்படிச் செய்தேன் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். இடது கை இன்னும் வலது கையோடு சேரவில்லை. போன மாதம் வீட்டுக்கு இன்னொரு நாற்காலி வாங்கினேன். பழைய நாற்காலியைவிட அது கொஞ்சம் உயரம். அதில் உட்கார்ந்து வாசித்தால் தோள் வலிப்பதில்லை.