வெறும் வயித்து இருதயராஜ்

நான் அமலா. திண்டிவனத்துல இருந்து செய்யாறு பக்கம் ஷூ கம்பெனிக்கு தெனம் கம்பெனி பஸ்ஸுல போய் வர்றவ. சொல்லப்போறது என் கதை இல்லை, எங்க வூட்டுக்காரரு இருதயராஜ் கதை. ஆனா அவரைச் சொல்லணும்னா மொதல்ல என் வாந்தியைச் சொல்லியாவணும், வேற வழியில்லை.

எனக்கு பஸ்ஸு ஆவாது. மொதல்ல எல்லாம் டிரைவர் சாவியைத் திருப்பினாலே வயித்தைப் பொரட்டும். கல்யாணம் முடிஞ்சு கண்டாச்சிபுரத்துல இருந்து வேன்ல வர்றப்போ, மாப்பிள்ளையோட புது பட்டு வேட்டி மேலயே எடுத்துட்டேன். வேனே சிரிச்சுது. அந்த மனுஷன் அதோட வுட்டாரா? ஒம்பது வருஷமா எனக்கு எலுமிச்சம்பழம்னு பேரு வெச்சுக் கூப்புட்டுக்கினு இருந்தாரு. எங்கியாவது கெளம்பினா, "எலுமிச்சம்பழம், ரெடியா?"ம்பாரு. பஸ்ஸுல கடைசி சீட்டுலதான் துண்டு போட்டு எடம் புடிப்பாரு. அங்கதான் காலை நீட்டலாமாம். ஜன்னலும் அவருக்குத்தான். நான் பக்கத்துல பையைப் புடிச்சுக்கினு மாதாவை வேண்டிக்கினே வருவேன்.

அவரு பொழப்பு கெணறு. கண்டாச்சிபுரத்துப் பக்கம் காலனியில பொறந்தவரு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவங்க கொல்லையில கூலிக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, புடுங்கிக்கினு இருந்தப்போ, இவரு அந்தக் கெணத்துல குதிச்சுக்கினு இருந்தாரு. பத்து வயசுல, பாதாளக் கரண்டிக்கு மாட்டாத ஒரு கொடத்தை ஒரே முங்குல எடுத்தாராம். அன்னையில இருந்து மோட்டாரு வுழுந்தாலும் சரி, செயினு வுழுந்தாலும் சரி, ஆடு வுழுந்தாலும் சரி, விழுப்புரம் தாண்டியும் இவரைத்தான் கூப்புடுவாங்க. ஏழு ஆள் ஆழத்துல மூச்சடக்கிக்கினு மோட்டாருக்குக் கயிறு கட்டுவாரு. மேல நிக்கிற நமக்குத்தான் மூச்சு நின்னுபோவும்.

அதுக்கு ரெண்டு சட்டம் வெச்சிருந்தாரு. ஒண்ணு, எறங்கற அன்னிக்கு வயித்துல ஒரு பருக்கை இருக்கக்கூடாது. ரெண்டு, எறங்கறதுக்கு முன்னாடி கெணத்து மேட்டுல குந்திக்கினு, தலையைக் குனிஞ்சு தண்ணியையே பாத்துக்கினு இருக்கணும். அரை மணி நேரம் பாப்பாரு. பேச்சுக் குடுத்தா கடிச்சுத் துப்புவாரு.

போன வருஷம் மயிலம் பக்கம் ஒரு கல்யாண போட்டோ எடுக்கறப்போ, பறக்கற கேமரா கெணத்துல போய் வுழுந்துது. இவரு போய் எடுத்துக் குடுத்தாரு. அந்தக் கூட்டத்துல பிரவீன்குமார்னு ஒருத்தரு இருந்தாரு. புதுச்சேரியில போட்டுல ஆளுங்களைக் கூட்டிக்கினு போய் கடலுக்கடியில எறக்கிக் காட்டற தொழில் அவருக்கு. இவரு முங்கினதைப் பாத்துட்டு, "அண்ணா, முதுகுல சிலிண்டர் இல்லாமயே இப்படின்னா, சிலிண்டர் இருந்தா எப்படி? நம்மகிட்ட வந்துடுங்க"ன்னாரு.

நீச்சல் கொளத்துல வெச்சு எல்லாம் கத்துக் குடுத்தாங்க. மொத மொதல்ல கடல்ல எறங்கிட்டு வந்த அன்னிக்கு அந்த மனுஷன் மூஞ்சியைப் பாக்கணுமே! சாப்புட்ட தட்டு காஞ்சு போச்சு, பேசிக்கினே இருக்காரு. "அமலா, மஞ்ச மீனு, ஒரு ஊர்வலமே போவுது. என்னைச் சுத்திக்கினு போவுது. ஒண்ணுகூட பயப்படலை. கெணத்துல பாத்தது எல்லாம் இருட்டுதான், அமலா. இங்க வெளிச்சம்!" முப்பத்தஞ்சு வயசு ஆம்பளை, சின்னப் புள்ள மாதிரி கையை ஆட்டி ஆட்டிச் சொல்றாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு, சந்தோஷத்துல.

மீனைச் சொன்னாரே தவிர மிச்சத்தைச் சொல்லலை, கள்ளன்.

மிச்சம் எனக்கு ரபீக் அண்ணன் சொல்லித்தான் தெரிஞ்சுது. அவரு கோட்டக்குப்பத்துக்காரரு, துபாய்ல பத்து வருஷம் போட்டு ஓட்டிட்டு வந்து இப்போ பிரவீன்குமார் போட்டை ஓட்டறாரு. ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம், நான் கம்பெனி பஸ்ஸை வுட்டு எறங்கறேன், போன் வருது.

"தங்கச்சி, இருதயராஜ் உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையா? போட்டு கெளம்பி பத்து நிமிஷத்துல வாந்தி எடுக்கறாரும்மா. நாலு வாரமா இதே பேஜாரு. கீழ போனா ராஜா, மேல இருக்கறவரைக்கும் உசுரு போய் உசுரு வருது. இவரு எடுத்தா பாக்கற கஸ்டமரும் எடுக்கறாங்க. வர்ற ஞாயித்துக்கிழமைதான் கடைசின்னு பிரவீன் தம்பி சொல்லிட்டாரு. அன்னிக்கும் முடியலைன்னா கரையில சிலிண்டர் ரொப்பற வேலைதான்."

நான் என்ன பண்ணேன் தெரியுமா? சிரிச்சேன். பஸ் ஸ்டாப்புலயே குந்திக்கினு, கண்ணுல தண்ணி வர சிரிச்சேன். ஒம்பது வருஷத்து எலுமிச்சம்பழம் சும்மா வுடுமா?

"சிரிக்காத தங்கச்சி. மொத நாள் சாயந்திரத்துல இருந்தே பட்டினியாம் அவரு. நோம்பு புடிக்கற எங்களுக்கே விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாடுன்னு ஒண்ணு கீது. இவரு அதுகூட இல்லாம வந்து, போட்டு மூக்குல குந்திக்கினு, தலையைக் குனிஞ்சு தண்ணியையே பாக்கறாரு."

என் சிரிப்பு அங்கயே நின்னுடுச்சு. அடப்பாவி மனுஷா, கெணத்துச் சட்டத்தை எடுத்துக்கினு போய் கடல்ல வெச்சிருக்கியே!

ஏன்னா எனக்குத் தெரியும். ஆறு வருஷமா தெனம் ஒண்ணரை மணி நேரம் கம்பெனி பஸ்ஸுல போறவ நான். மொத வருஷம் கவரும் கையுமா போனேன். அப்புறம் தானாத்தான் கத்துக்கினேன். வெறும் வயித்துல ஏறினா செத்தோம். தொப்பை முட்டத் தின்னாலும் செத்தோம். ரெண்டே ரெண்டு இட்லி, எண்ணெய் இல்லாம. குனிஞ்சு போனைப் பாக்கக்கூடாது. வந்தவாசி மலை வர்றவரைக்கும் தூரத்துலதான் கண்ணு இருக்கணும். முன்னாடி சீட்டு, நல்ல காத்து, பக்கத்துல பேச ஒரு ஆளு. இப்போ கம்பெனி பஸ்ஸுல எனக்கு ஒண்ணும் ஆவறதில்லை. இவரோட கடைசி சீட்டுல போனாத்தான் ஆவுது.

வூட்டுக்குப் போனேன். மனுஷன் சுவத்தைப் பாத்துக்கினு படுத்திருந்தாரு. "இன்னாய்யா, எலுமிச்சம்பழம் வோணுமா?"ன்னேன். திரும்பினாரு. ரபீக் அண்ணன் சொல்லிட்டாருன்னு புரிஞ்சு போச்சு. நல்லா கேலி பண்ணணும்னுதான் வந்தேன். ஆனா அவரு, "எனக்கு அந்த மீனுங்களைத் திரும்பப் பாக்கணும், அமலா"ன்னாரு பாருங்க, கேலியை வுட்டுட்டு பக்கத்துல குந்தி, பஸ்ஸுல நான் கத்துக்கினதை எல்லாம் சொல்ல ஆரம்பிச்சேன்.

சனிக்கிழமை டாக்டரைப் பாத்தோம். "வாந்திக்கு மாத்திரை போட்டா தூக்கம் வரும், அதோட தண்ணிக்கடியில போவாதீங்க"ன்னுட்டாரு அவரு. ஞாயித்துக்கிழமைப் பூசையை அன்னிக்கு சாயந்திரமே மாதா கோயில்ல முடிச்சோம். ராத்திரி கஞ்சி, சீக்கிரம் படுக்கை. சண்டை வந்தது ஞாயித்துக்கிழமை காலையில, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல, ரெண்டு இட்லிக்காக.

"வயித்துல சோத்தோட எறங்கினா மூச்சை அடக்க வராது. செத்துப்போவேன், அமலா."

"யோவ், கெணத்துல நீ மூச்சை அடக்கற. இங்க இன்னாத்துக்கு அடக்கப்போற? மூச்சைத்தான் முதுகுல கட்டிவுடறாங்களே!"

இட்லியைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. விஷத்தை முழுங்கற மாதிரி முழுங்கினாரு.

நானும் போட்டுல வர்றேன்னதும் பிரவீன்குமார் தயங்கினாரு. "அக்கா, நீங்களும் எடுத்தீங்கன்னா?"ன்னாரு. "எடுத்தா நானே போட்டைக் கழுவி வுடறேன், போங்க தம்பி"ன்னு ஏறிட்டேன். பஸ்ஸு கடைசி சீட்டே ஆவாதவளுக்கு போட்டு! ஆனா இவரைத் தனியா வுட்டா மறுபடி மூக்குல போய்க் குந்திக்குவாரு.

சிலிண்டரு, பெல்ட்டு எல்லாத்தையும் கரையிலயே மாட்டி ரெடி பண்ணச் சொன்னேன், ஆடற போட்டுல குனிய வேணாம் பாருங்க. டீசல் புகை வராத எடமா, போட்டு நடுவுல அவரைக் குந்த வெச்சேன். "கலங்கரை விளக்கத்தைப் பாரு. அது மறைஞ்சதும் வானமும் கடலும் ஒட்டற கோட்டைப் பாரு"ன்னேன். பத்து நிமிஷம் ஆச்சு. ரபீக் அண்ணன் திரும்பித் திரும்பிப் பாக்கறாரு. பிரவீன்குமார் வாட்சைப் பாக்கறாரு. ஒண்ணும் ஆவலை.

அப்பதான் எதுத்தாப்புல இருந்த பொண்ணு, விழுப்புரத்துக்காரி, கலைப்பிரியான்னு பேரு, போனைக் குனிஞ்சு பாத்துக்கினு வந்தவ, மூஞ்சி வெளுத்துப் போச்சு. எனக்கு முன்னாடி இவரு பாத்துட்டாரு. "தங்கச்சி, போனை உள்ள வெய்யி. இங்க நடுவுல வா. அந்தக் கோட்டைப் பாரு. எந்த ஊரு? இன்னா படிச்ச?"ன்னு பேச்சுக் குடுத்துக்கினே பிஸ்கட்டை ஒடைச்சுக் குடுக்கறாரு. எல்லாம் என் சரக்கு! அவளைத் தேத்தறதுல தன் வயித்தையே மறந்துட்டாரு மனுஷன்.

எடம் வந்துது. இஞ்சின் நின்னுது. அப்போ ஆடிச்சு பாருங்க ஒரு ஆட்டம், தொட்டில் கணக்கா. இவரு சிலிண்டரை முதுகுல மாட்டிக்கினு எழுந்தாரு. எழுந்தவரு இருபத்தஞ்சு வருஷப் பழக்கம், வெளிம்புல கையை ஊணி, தலையைக் குனிஞ்சு, தண்ணியைப் பாக்க ஆரம்பிச்சாரு. கழுத்து நரம்பு பொடைக்குது. போச்சுடா!

"யோவ்! கீழ பாக்காத! தூரப் பாரு!"

நான் போட்ட சத்தத்துல போட்டுல இருந்த அத்தினி பேரும் நிமிந்து தூரப் பாத்தாங்க, பிரவீன்குமார் உட்பட. இவரும் நிமிந்தாரு. ரெண்டு மூச்சு இழுத்து வுட்டாரு. மொத ஆளா தொபுக்குன்னு குதிச்சாரு. முழு இட்லியோட குதிச்சாரு!

முக்கால் மணி நேரம் நான் மேல அந்த ஆட்டத்துல கோட்டையே பாத்துக்கினு இருந்தேன். ரபீக் அண்ணன் துபாய்க் கதை சொல்லிக்கினு இருந்தாரு, காதுல ஒண்ணும் ஏறலை. கடைசியா தலை ஒண்ணு மேல வந்துது. வாயில இருந்ததைக் கழட்டிட்டு, "அமலா! இருக்குதுங்க! எல்லாம் அங்கயே இருக்குதுங்க!"ன்னு கத்தினாரு. நான் விசிலே அடிச்சுட்டேன்.

கரைக்கு வந்ததும், இட்லிச் சண்டையை எல்லாம் கேட்டுட்டு பிரவீன்குமார், "அண்ணா, அடுத்த வாரம் போட்டு கெளம்பறதுக்கு முன்னாடி கஸ்டமருங்களுக்கு நீங்களே எல்லாம் சொல்லிடுங்க. அந்த இட்லியில இருந்து ஆரம்பிங்க"ன்னாரு. அது என் காதுல வுழுந்துது. கால் மண்ணுல பட்டுது. அதுவரைக்கும் புடிச்சு வெச்சிருந்தது எல்லாம் அப்பதான் வந்துது. அத்தினி பேரு முன்னாடியும் எடுத்தேன் வாந்தி.

சிரிப்பாருன்னு நெனைச்சேன். சிரிக்கலை. ஈரக் கையால என் நெத்தியைத் தாங்கிப் புடிச்சுக்கினாரு. "இத்தினி வருஷமா இப்படித்தான் இருந்துதா உனக்கு?"ன்னு மெதுவா கேட்டாரு.

சாயந்திரம் பஸ் ஸ்டாண்டுல திண்டிவனம் பஸ்ஸு வந்து நிக்கறதுக்குள்ள ஓடினாரு. முன்னாடி ஜன்னல் வழியா கையை வுட்டு, டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல துண்டைப் போட்டாரு. ஒரு எடம்தான் கெடைச்சுது. என்னை ஜன்னல்கிட்ட குந்த வெச்சுட்டு, அவரு கூட்டத்துல கம்பியைப் புடிச்சுக்கினு நின்னுக்கினே வந்தாரு. மயிலம் கிட்ட வர்றப்போ நாலு பேரைத் தாண்டிக் குனிஞ்சு, "அமலா, அதோ மலை தெரியுது பாரு. அதையே பாத்துக்கினு வா"ன்னாரு.

எனக்கு வயித்துல ஒண்ணுமே பண்ணலை. இருந்தாலும் அவரு சொன்னாரேன்னு மலையையே பாத்துக்கினு வந்தேன்.