பொன்னாடை வாங்கியவன்

கல்முனைக் கடைத்தெருவில் தேடித் திரிந்து அந்தப் பொன்னாடையை வாங்கியவன் நான்தான். நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

எங்கள் பாடசாலையில் சாதாரணதர வகுப்புக்கு ஒன்றரை வருடமாகக் கணித ஆசிரியர் இல்லை. எங்களுக்கு நியமிக்கப்பட்டவரை வலயக் கல்விப் பணிப்பாளர் தனக்கு வேண்டிய ஒரு பெரிய பாடசாலைக்கு 'தற்காலிகமாக' அனுப்பிவிட்டார். அதற்கு விளக்கம் கேட்கத்தான் அவரை அழைத்துப் பெற்றோர் கூட்டம் வைத்தோம். ஆனால் வெறுங்கையோடு ஓர் அதிகாரியை வரவேற்று நமக்குப் பழக்கமில்லையே! அபிவிருத்திச் சங்கச் செயலாளரான நான் கிறாஅத் ஓதல், வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று நிகழ்ச்சி நிரலை நிரப்பினேன். கேள்வி நேரத்தைக் கடைசியில் போட்டேன்.

அந்தக் கடைசி வரவேயில்லை. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் பணிப்பாளர் எழுந்துவிட்டார்.

"கேள்வியெல்லாம் எழுதித் தாங்க, பாப்பம்."

பின்வரிசையில் ஒரு தாய் எழுந்தார். "சேர், வார மாசம் என்ட மகளுக்குச் சோதினை. கணக்க ஆரு படிப்பிச்சிக் குடுக்கிற?"

ஒலிவாங்கி என் கையில் இருந்தது. "ராத்தா, இருங்க. சேருக்கு நேரம் போகுது" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "அவருக்கு நேரமில்லாட்டி போகட்டும். நீங்க ஆர்ர பக்கம்?"

நான் பணிப்பாளரை வாகனம் வரை கொண்டுபோய் விட்டேன்.

ஆசிரியர் கடைசிவரை வரவில்லை. அந்தப் பிள்ளை கணிதத்தில் சித்தியடையவுமில்லை. பொன்னாடையோடு பணிப்பாளர் நிற்கும் படம் மட்டும் அதிபரின் அறையில் இன்னும் தொங்குகிறது. அவருக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது நான்.