மூன்றாவதாக வைத்த விவாதம்

என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பழுப்பேறிய அரைத்தாள் ஒன்று கிடக்கிறது. அதில் மூன்று வரிகள்: ரயில் போக்குவரத்து, வெளிநாட்டு உறவுகள், அக்கரை போன கூலியாட்கள். டைப் அடித்தது நான். மூன்றாம் வரியிலிருந்து உச்சிக்கு ஏறும் பென்சில் அம்புக்குறி மட்டும் மெம்பர் போட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ ராஜாங்க ரகசியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை, பிறர் மதிக்கும்படி என்னிடம் வேறொன்றும் கிடையாது.

வெள்ளைக்காரர் ஆட்சியில் நாமக்கல் பக்கத்திலிருந்து டில்லிச் சட்டசபைக்குப் போன மெம்பருக்கு நான் குமாஸ்தா. மனைவியை இழந்தவர், பேச்சு குறைவு. நாங்கள் புறப்படுவதற்கு முன், ஜேடர்பாளையத்தில் அவர் வயலில் களையெடுத்த பெண் ஒருத்தி வரப்போரம் வந்து நின்றாள். அவள் புருஷன் மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவன். தோட்டத்தை மூடிவிட்டார்கள், திரும்பக் கப்பல் சீட்டு கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு கடிதம் வந்திருந்தது.

"போற எடத்துல எங்க ஊட்டுக்காரரப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க சாமி. சர்க்காரு கப்பலு உட்டா வந்துருவாருங்க."

"சொல்றேன் அம்மிணி" என்றார் மெம்பர். சொன்னால் சொன்னதுதான் என்று ஊரில் பெயரெடுத்தவர்.

டில்லிக் குளிரில் எங்களைத் தேடி வர ஆள் கிடையாது. மாலைதோறும் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, "நீதான் சபைத் தலைவர், கேளு சாமி" என்று, கூலியாட்களுக்காகச் சபையில் பேச எழுதிவைத்த பேச்சைப் படிப்பார். அவ்வளவு உயரத்துக்கு நான் அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை. கப்பலைப் பற்றிய பக்கம் வரும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுவார். அது அவருக்கு மனப்பாடம்.

சபையில் விவாதம் எழுப்ப அவர் கட்சிக்கு ஒரே ஒரு பிற்பகல் கிடைத்தது. மூன்று விவாதங்களுக்கும் வரிசை போடும் வேலை மெம்பர் தலையில் விழுந்தது. எங்கள் ஊர்க்கூட்டத்தில் ஆடு மேய்ந்த வழக்கு, வரப்புச் சண்டை எல்லாவற்றையும் முதலில் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். கனத்த வழக்கு கடைசியில்தான் வரும். அவசரக்காரர்கள் போனபின் ஆற அமரக் கேட்கலாம். அந்த வழக்கப்படியே கூலியாட்களைக் கடைசியில் வைக்கச் சொன்னார். ஐந்து மணி அடித்தால் பேச்சை நிறுத்தி ஓட்டெடுத்துவிடுவார்கள் என்ற விதியை நான் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுப் படித்தவன். இருந்தும் வாய் திறக்கவில்லை. நானும் அதே கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன்தானே. படித்தது எல்லாம் கண்ணோடு நின்றுவிட்டது, விரல்வரை வரவில்லை.

ரயில் என்றால் யாருக்குத்தான் குறையில்லை? ஒருவர் தம் ஊர் ஸ்டேஷனில் தண்ணீர்ப் பானை இல்லை என்று அரைமணி நேரம் தாகத்தோடு பேசினார். வெளிநாட்டு உறவைப் பற்றி, தம் ஜில்லாவைத் தாண்டாதவர்கள் அதைவிட நீளமாகப் பேசினார்கள். மெம்பர் எழுந்து, "தலைவர் அவர்களே" என்றார். மணி ஐந்து அடித்தது. நின்றபடியே காகிதங்களை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். குதிரை வண்டியில் திரும்பும்போது நாங்கள் இருவரும் இரண்டு பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

ஊர் திரும்பிய மறுநாளே அவள் வந்துவிட்டாள்.

"சொன்னீங்களா சாமி?"

"நேரம் பத்தல அம்மிணி. கடைசியா வச்சிருந்தேன்."

அவள் கோபப்படவில்லை. "அதுக்கென்னங்க சாமி. அடுத்த தடவ மொதல்ல சொல்லிப்போடுங்க."

அவள் போனபின் மெம்பர் இந்தத் தாளைக் கேட்டு வாங்கி அம்புக்குறியைப் போட்டார். "அடுத்த வருஷம் இப்பிடி அடிச்சுப்போடு சாமி."

அடுத்த வருஷம் அவர் கட்சி சபைக்குப் போவதில்லை என்று முடிவு செய்தது. பிறகு யுத்தம் வந்து கடல்வழியே அடைபட்டது. மெம்பரும் காலமானார். காரியம் முடிந்த பதினாறாம் நாளுக்குப் பின் அவள் என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க, அந்தப் பேச்ச நீங்க போயிப் பேசக்கூடாதுங்களா?"

முழுப் பேச்சும் எனக்கு மனப்பாடம். "எனக்கு அங்க எடமில்லீங்க அம்மிணி" என்றேன். அப்புறம் அவள் வரவில்லை.

நேற்று கண்ணாடியைத் துடைத்தபோது, மெம்பர் சொன்ன வேலை இன்னும் பாக்கி என்று உறைத்தது. புதுத்தாள் ஒன்றில் வரிசையை மாற்றி அடித்தேன். அக்கரை போன கூலியாட்கள் முதலில். யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. பழைய தாளின் மேலேயே வைத்துக் கண்ணாடியை மூடிவிட்டேன்.